நல்லாத்தான் இருக்கு, ஒண்ணே ஒண்ணு

"நல்லாத்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு" என்று அண்ணாச்சி ஆரம்பித்தால், அன்றைக்கு நேரத்தோடு அறைக்குத் திரும்பும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். அந்த ஒண்ணே ஒண்ணு எந்தக் காலத்திலும் ஒன்றோடு நின்றதில்லை. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏழெட்டு வரும்.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சின்னக் கம்பெனி. கண்ணாடிக் கட்டடம் என்று கற்பனை செய்ய வேண்டாம். கீழே டயர் கடை, மேலே நாங்கள். ஆம்னி பஸ்காரர்களுக்கு டிக்கெட் விற்கிற மென்பொருள் எழுதிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. நாங்கள் எழுதுகிறதை உடைத்துப் பார்ப்பது அண்ணாச்சியின் பிழைப்பு. டெஸ்டர் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும். அவருக்கு ஊர் மணிமுத்தாறு அணைக்குக் கீழே ஒரு கிராமம், எனக்குப் பாளையங்கோட்டை. என்னைவிட நாலைந்து வயதுதான் கூடுதல். நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டதைக் கேட்டு ஆபீஸ் முழுக்க அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. வடக்கேயிருந்து வந்த மேனேஜர்கூட "அன்னாச்சி" என்பார். அவருடைய சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டுவாடா செய்கிறவர் மட்டும்தான் நினைவில் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

நான் சேர்ந்த புதிதில், பயணிகள் ஊரும் பேரும் வயதும் கொடுத்து டிக்கெட் எடுக்கிற பக்கத்தை எழுதி முடித்துவிட்டு, பெரிய மலையைப் புரட்டிவிட்ட நினைப்பில் உட்கார்ந்திருந்தேன். மற்ற டெஸ்டர்கள் தப்பு கண்டுபிடித்தால் அதைக் கணினியில் பதிவு செய்துவிட்டுப் போய்விடுவார்கள். நமக்கு மெயில் வந்து விழும். அண்ணாச்சி அப்படிச் செய்யமாட்டார். தன் நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்காருவார். அன்றைக்கும் வந்தார். நல்லாத்தான் இருக்கு என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு திருநெல்வேலியிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு டிக்கெட் போட்டார். என் பக்கம் மறுபேச்சு இல்லாமல் கட்டணத்தைக் கேட்டது.

"திருநெல்வேலியில ஏறி திருநெல்வேலியிலேயே எறங்குதவன்கிட்ட காசு கேக்குதியே, நியாயமாலே?" என்றார்.

அதற்குப் பிறகு இன்னும் பிறக்காத குழந்தைக்கு ஜன்னலோரம் சீட்டு போட்டார். நேற்று கிளம்பிப்போன பஸ்ஸில் இன்றைக்கு இடம் பிடித்தார். என் பக்கம் எல்லாவற்றுக்கும் பல்லைக் காட்டியது. எனக்குக் காது மடல் சுட்டது. சவம், இந்த மனுசனுக்கு வேறு வேலையே இல்லையா என்று மனதுக்குள் திட்டினேன். அவருக்கு அதுதான் வேலை என்பது அப்புறம்தான் உறைத்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் நான் சரி செய்து முடிக்கிறவரை எழுந்து போகவில்லை, பக்கத்திலேயே இருந்தார். நடுவில் இறங்கிப்போய் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார்.

இந்தப் பழக்கத்தை ஆபீஸோடு விட்டிருந்தால் பாதகமில்லை. அண்ணாச்சியும் நாங்களுமாக ஐந்தாறு பேர் சேர்ந்து வாடகைக்கு இருந்த அடுக்குமாடியில் லிஃப்ட் வைத்த அன்றைக்கு, எல்லாப் பொத்தானையும் ஒரே நேரத்தில் அமுக்கிப் பார்த்து உள்ளே மாட்டிக்கொண்டார். வெளியே எடுத்ததும், லிஃப்ட் வைத்தவருக்குப் போன் போட்டு, "நல்லாத்தான் வச்சிருக்கீங்க" என்று தொடங்கினார். அந்த ஆள் பிறகு எங்கள் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மெஸ்ஸில் சாம்பார் நேற்றையதா இன்றையதா என்று சொல்லிவிடுவார். அதையும் எங்களிடம் முணுமுணுக்க மாட்டார், நேரே அடுப்படிக்கே போய்ச் சமைத்தவரிடம் பணிவாகச் சொல்லிவிட்டு வருவார். சமைத்தவருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு பருப்பு வெந்துவிட்டதா என்று பார்க்க அவரையே கூப்பிட ஆரம்பித்தார்.

எங்களோடு தங்கியிருந்த ஒருத்தனுக்குப் பாளையங்கோட்டையில் கல்யாணம். பத்திரிகை அச்சாகிப் பாதிப் பேருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. அண்ணாச்சி வாங்கிப் பார்த்தார். ஆங்கிலத் தேதி ஒரு நாளைச் சொன்னது, ஆவணித் தேதி மறுநாளைச் சொன்னது. பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். அவர் மங்கல காரியத்தில் இதென்ன என்று நன்றாக ஏசிவிட்டு வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவரே திருப்பிக் கூப்பிட்டு, பாதிச் சனம் மறுநாள்தான் வந்து நிற்கும் போலிருக்கே தம்பி என்று அழமாட்டாத குறையாகச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி ரயில் பிடித்து ஊருக்குப் போய், அவரோடு வீடு வீடாக ஏறி இறங்கிப் பத்திரிகைகளைப் பேனாவால் திருத்திக் கொடுத்தார். வயல் வேலை பார்க்கிற சமுசாரி வீடு, வக்கீல் வீடு என்று பார்க்காமல் எல்லா வீட்டிலும் அவருக்குக் காபி கொடுத்திருக்கிறார்கள். வயிறு கெட்டு, திங்கட்கிழமை லீவு போட்டார்.

மனிதர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டார், இதுதான் எனக்குக் கடைசிவரை பிடிபடாத விஷயம். டீக்கடையில் நின்று மேனேஜரை நாங்கள் தோலை உரித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருப்போம். அவர் வாயே திறக்காமல் வடையைத் தின்பார். ரொம்ப வற்புறுத்தினால், "ஆள விடுங்கவே. வேலையில என்ன தப்புன்னு சொல்லுங்க" என்பார். அதற்குள் எங்களுக்குப் பேச்சு சப்பென்று போய்விடும்.

இப்படிப்பட்ட மனுசன்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் காரியத்தைச் செய்தார்.

எங்கள் தொழிலில் எதையும் இரண்டு இடத்தில் வைத்திருப்போம். நாங்கள் போட்டு உருட்டிப் பார்ப்பதற்கு ஒன்று, நிஜமான மக்கள் புழங்குவதற்கு ஒன்று. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, இரட்டைப் பிள்ளைகள். ஒரு பஸ் கம்பெனியின் பயணிகளுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிற வசதியை அந்த வாரம் செய்துகொண்டிருந்தோம். சோதனைக்கு அனுப்புகிற செய்தியில் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததை அடிப்போம். எங்களுக்குள்தானே வந்து விழப்போகிறது. அன்றைக்கு அப்படி அடித்த ஒரு செய்தி எங்களுக்கு வரவில்லை. அந்தக் கம்பெனி பஸ்ஸில் என்றைக்காவது ஏறியிருந்த அத்தனை பேருக்கும் போனது. "ஏலே, எந்திச்சிட்டியா? சாப்ட்டியா?"

சனங்கள் பதில் போட ஆரம்பித்தார்கள். எந்திச்சாச்சு, இட்லி, நீ யாருப்பா என்று ஒருவர். அப்பா, நம்பர் மாத்திட்டீங்களா என்று ஒருவன். இன்றைக்கு விரதம், சாயங்காலம்தான் சாப்பிடுவேன், நீ சாப்பிட்டாயா தம்பி என்று ஒரு அம்மாள். அதைப் படித்துவிட்டு எங்களில் ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் அந்த அம்மாள் மாதிரி இல்லை. போலீசுக்குப் போவேன் என்றவர்கள் இருந்தார்கள். பஸ் முதலாளி போனில், என் கஸ்டமரை ஏலே என்று கூப்பிட்டவன் எவன் என்று கத்தியது, மேனேஜர் காதில் வைத்திருந்த போனைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது.

எவன் என்பது யாருக்கும் தெரியாது. அந்த வேலையில் இருந்த நாங்கள் ஆறு பேரும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில்தான் உள்ளே போய் வந்துகொண்டிருந்தோம். அப்படிச் செய்யக்கூடாது, எல்லா இடத்திலும் செய்கிறார்கள். மேனேஜர் ஆறு பேரையும் ஒரு அறையில் உட்கார வைத்தார். நாங்கள் மேஜையைப் பார்த்தோம். அதே நேரத்தில் நானும் ஒரு சோதனைச் செய்தி அனுப்பியிருந்தேன். நானாக இருக்குமோ, என்ன எழுதினேன் என்று யோசிக்க யோசிக்க ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஊரில் அப்பா, வீட்டுக் கடன், தங்கச்சி படிப்பு எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போயின.

"நாந்தான் சார்" என்றார் அண்ணாச்சி.

அதோடு விட்டாரா? வெளியே வந்து, மற்ற டெஸ்டர்கள் எங்கள் தப்பைப் பதிவு செய்கிற அதே இடத்தில் இதையும் பதிவு செய்தார். கடுமை என்ற இடத்தில் மிகக் கடுமை. காரணம் என்ற இடத்தில் தன் பெயர். இந்தத் தப்பை மறுபடி வரவழைப்பது எப்படி என்று ஒரு பகுதி உண்டு. அதில், காலையில் சாப்பிடாமல் ஆபீஸ் வரவும், இரண்டு தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைக்கவும், பசி மயக்கத்தில் எது எது என்று பாராமல் அனுப்பு என்பதை அமுக்கவும் என்று வரிசையாக எழுதியிருந்தார். இனி நடக்காமலிருக்க, மக்கள் புழங்குகிற தளத்தின் தலையில் ஒரு சிவப்புப் பட்டை போட வேண்டும் என்றும் எழுதினார். பட்டையை நான்தான் போட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் அகலமாகப் போடச் சொன்னார்.

அப்போதைக்கு மேனேஜர் திட்டியதோடு விட்டுவிட்டார். சில மாதம் கழித்துக் கம்பெனிக்குக் கையைக் கடித்தது. ஆட்களைக் குறைக்க வேண்டும் என்றதும் யார் பெயர் முதலில் நினைவுக்கு வரும்? மேனேஜர் சொல்லும்போது அவருக்கே முகம் சரியில்லை. அண்ணாச்சி கைகுலுக்கிவிட்டு, லேப்டாப்பைத் துடைத்து ஒப்படைத்துவிட்டு வந்தார்.

அந்த நேரத்தில்தான் அவருக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். ஆழ்வார்திருநகரியில் பெண். பாளையங்கோட்டை கோர்ட்டில் தட்டச்சு வேலை, அரசாங்க உத்தியோகம். இரண்டு பக்கமும் பிடித்துப்போய், தேதி வைப்பதுதான் பாக்கி. அண்ணாச்சிக்கு அந்தப் பெண்ணை எவ்வளவு பிடித்திருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். பொண்ணு பார்த்துவிட்டு வந்து, அவள் வீட்டைப் பற்றியோ அவளைப் பற்றியோ ஒரு குறைகூடச் சொல்லவில்லை. காய்ச்சலோ என்று நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

பெண்ணின் அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளைக்கு மெட்ராசில் கம்ப்யூட்டர் வேலை என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். வேலை போனது தெரிந்தால் சம்பந்தம் முறிந்துபோகும் என்று அண்ணாச்சியின் அம்மா பயந்தார். புது வேலை கிடைக்கட்டும், அப்புறம் பையச் சொல்லிக்கொள்ளலாம் என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்காத குறை. நாங்களும் அதையேதான் சொன்னோம்.

அதனால் வேலை சீக்கிரம் கிடைத்தாக வேண்டும். சென்னை வாடகை கட்டுப்படியாகாது என்று அவர் ஊருக்கே போய், அங்கிருந்து வேலை தேடினார். வீட்டில் சிக்னல் கிடையாது. அணைக்கரை மேல் ஏறினால் நன்றாகக் கிடைக்கும். இன்டர்வியூ எல்லாம் அங்கன உட்கார்ந்துதான். பின்னால் தெரிகிற மலை நிஜமா, படம் போட்டிருக்கிறீர்களா என்று ஒரு கம்பெனியில் கேட்டார்களாம். இவர் போனைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் குரங்கு ஒன்று சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போக, இன்டர்வியூ எடுத்தவர்கள் இவரைவிடப் பதறியிருக்கிறார்கள்.

மலையும் குரங்கும் வேலையைக் கெடுக்கவில்லை. கெடுத்ததெல்லாம் இவர் வாய்தான். ஏன் முந்தைய வேலையை விட்டீர்கள் என்று கேட்டால், சொந்தக் காரணம் என்று சொல்ல வேண்டும். உலகமே அப்படித்தான் சொல்கிறது. இவர் ஏலே எந்திச்சிட்டியாவிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் சொல்வார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள். ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்சிக்காரர் அனுபவத்தில் இரண்டு வருடம் கூட்டிப் போட்டிருந்தார். இன்டர்வியூவில் இவரே, அது அவர் போட்டது சார், ரெண்டு வருஷத்தைக் கழிச்சுக்கிடுங்க என்றார். இன்னொரு இடத்தில், உங்கள் கம்பெனியின் விண்ணப்பப் பக்கத்தில் அடுத்த வருடம் பிறக்கப்போகிறவன் என்று போட்டால்கூட வாங்கிக்கொள்கிறது, நான் போட்டுப் பார்த்தேன் என்றார். நல்லாத்தான் இருக்கு என்றும் சொன்னாராம். அங்கிருந்து அப்புறம் போனே வரவில்லை. நான் போனில் அவரைக் கேட்காத கேள்வி இல்லை. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "கேட்டாங்கல்லா, சொன்னேன்லே" என்பார்.

பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றார். சும்மா வா, ஆழ்வார்திருநகரி வரை ஒரு எட்டுப் போய்விட்டு வருவோம் என்றார். கோயிலுக்கு என்று நினைத்துத் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பாதி வழியில்தான் விஷயத்தைச் சொன்னார். அடுத்த வாரம் பெரியவர்கள் சேர்ந்து தேதி வைக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால் பெண்ணின் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்குத் தெரியாது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று கெஞ்சினேன், ஏசினேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சி ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். கை மட்டும் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. அவருக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

வாங்க மாப்பிள்ளை என்று பெண்ணின் அப்பா வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். காபி வந்தது. பெண் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணாச்சி டம்ளரைத் தொடவில்லை.

"மாமா, எனக்கு இப்ப வேலை இல்ல. ரெண்டு மாசமாச்சு. தேதி குறிக்கதுக்கு முன்னால உங்களுக்குத் தெரியணும்லா, அதான் வந்தேன்."

ஏன் போனது என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டாரே, இனி நிறுத்த முடியுமா? பசி மயக்கத்தில் அமுக்கியது, சனங்கள் பதில் போட்டது, தானே ஒப்புக்கொண்டது என்று ஒன்று விடாமல் சொன்னார். பெண் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். அப்பாவின் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போனது.

"சரி தம்பி" என்றார். "யோசிச்சுச் சொல்லி அனுப்புதேன்."

உள்ளே வரும்போது மாப்பிள்ளை, இப்போது தம்பி. யோசித்துச் சொல்கிறோம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகவே தெரியும். பஸ் நிறுத்தம் வரை நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். நிழலில் போய் நின்று வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று நினைத்துக்கொள்வதுதான் மரியாதை என்று நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஸ்கூட்டி ஒன்று வந்து நின்றது. அந்தப் பெண். வண்டியை விட்டு இறங்காமலே கேட்டாள்.

"நீங்க சொல்லலன்னா, ஆறு பேருல யாருன்னு கண்டுபிடிச்சிருப்பாங்களா?"

"முடியாது."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

அண்ணாச்சி என்னைக் காட்டினார். "இவன் மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும். செத்துப் போயிருந்துச்சு."

அவள் என் மூஞ்சியைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். வீட்டில் தோள் குலுங்கியதும் அழுகை இல்லை என்று அந்தச் சிரிப்பில் தெரிந்துவிட்டது. கோர்ட்டில் நாள் முழுக்கச் சாட்சி சொல்கிறதைத் தட்டச்சு செய்வதுதான் தன் வேலை என்றாள். தெரியாது, ஞாபகமில்லை, நான் அந்த இடத்திலேயே இல்லை, இந்த மூன்றையும் அடித்து அடித்தே தனக்கு விரல் தேய்ந்துவிட்டது என்றாள். பிறகு ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு, தன் பக்கமும் சொல்ல வேண்டியது இருக்கிறது என்றாள். சமைக்க வராது. பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு அண்ணாச்சி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட கேசரி சித்தி செய்தது. கோபம் வந்தால் இரண்டு நாள் பேச மாட்டாள். அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றாள். "நீங்க பதறாம வேலையத் தேடுங்க. ஒரு சம்பளம் நம்ம வீட்டுக்கு வந்துக்கிட்டுதான இருக்கு."

நம்ம வீடு என்றாள். அண்ணாச்சி மறுபடி வேட்டி நுனியைத் தேடினார்.

வேலை, கல்யாணத்துக்கு அப்புறம்தான் கிடைத்தது. பெங்களூரில் ஒருவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, சிரிக்காமல், அப்புறம் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவரிடம் சேர்ந்தார். நானும் இரண்டு கம்பெனி மாறிவிட்டேன். இப்போதிருக்கிற இடத்தில் நான் என்ன எழுதிக் கொடுத்தாலும் சூப்பர் என்று பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்றைக்கு ஆழ்வார்திருநகரியில், அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே திருநெல்வேலி பஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நான் முண்டியடித்து ஏறி, இரண்டு பேர் இடத்தில் துண்டைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியே அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் காதில் விழவில்லை. ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார். மறுபடி கூப்பிட்டேன். அவர் திரும்பி, யாரோ ஊர் பேர் தெரியாதவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"நீ போலே" என்றார். "நான் அடுத்த வண்டியில வாரேன்."